கணக்கில் வராத 93 மணி நேரம்: மின் விநியோக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மின் விநியோகத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

சூறைக்காற்று ஓய்ந்த பத்தாம் நாள் நீங்கள் வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். எங்கள் பகுதி முழுவதற்கும் 48 மணி நேரத்துக்குள் மின்சாரம் கொடுத்துவிட்டதாக அதில் இருக்கிறது. மறுநாளே நாங்கள் கொடுத்திருந்த இழப்பீட்டு மனுவும் திரும்பி வந்தது. பதில் ஒரே வரி: இயற்கைப் பேரிடர், மேலும் 48 மணி நேரத்துக்குள் சீரமைக்கப்பட்டுவிட்டது, ஆகவே மனு ஏற்கத்தக்கதல்ல.

எங்கள் வீட்டில் மின்சாரம் போனது முதல் நாள் இரவு 9.40 மணிக்கு. திரும்ப வந்தது ஆறாம் நாள் பிற்பகல் 3.15 மணிக்கு. 113 மணி 35 நிமிடம். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, என் மகளின் நோட்டில் இருக்கிறது. உங்கள் மீது வழக்குப் போடுவதற்காக அவள் அந்த நோட்டைத் தொடங்கவில்லை. என் அம்மாவுக்கு நுரையீரல் இறுகிப்போகும் நோய். இரவு பகலாக ஆக்சிஜன் மெஷினில் இருப்பவர். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை மணிக்கொரு தரம் குறித்துவைக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அன்றைக்கு அதுதான் வேலை. எண்ணுக்குப் பக்கத்தில், நாங்கள் உங்கள் புகார் எண்ணுக்குப் போன் செய்ததையும் அங்கே கிடைத்த பதிலையும் அவளாகவே எழுதிவைத்துவிட்டாள்.

அந்த நோட்டைத்தான் இங்கே எடுத்து வைக்கிறேன்.

மின்சாரம் நின்றால் அந்த மெஷின் முதலில் கூவும். நீளமாக, நிற்காமல். பிறகு அணைத்துவிடுவோம். அப்போதுதான் அந்த வீட்டில் எத்தனை வருடமாக அதன் 'தப்... தப்...' என்ற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது என்பதே உறைக்கும். இன்வெர்ட்டருக்கு மாற்றினோம். எங்களிடம் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி. காகிதத்தில் 1,800 வாட்-மணி. மெஷின் இழுப்பது 350 வாட். வகுத்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வர வேண்டும். ஆனால் பேட்டரியை ஒட்டக் கறக்க முடியாது, இன்வெர்ட்டரும் தன் பங்கைத் தின்னும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே ஒரு டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். 3 மணி 20 நிமிடம் வந்தது. இரவு சரியாக 1 மணிக்கு இன்வெர்ட்டரும் கூவியது.

பிறகு சிலிண்டர். அவசரத்துக்கென்று ஒன்று வைத்திருந்தோம். 10 லிட்டர் கொள்ளளவு, 150 பார் அழுத்தம், அதாவது சுமார் 1,500 லிட்டர் வாயு. அம்மாவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர். பன்னிரண்டரை மணி நேரம். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு முன்பு தெரியாது. அந்த ராத்திரியில் கற்றுக்கொண்டேன். வெளியே கூரைத் தகடுகள் பறக்கிற காற்று. உள்ளே அம்மாவுக்கு மூச்சுக்குக் காற்றை லிட்டர் லிட்டராக எண்ணிக்கொண்டிருந்தேன்.

காலையில் கதவைத் திறந்தால், எங்கள் சந்தின் வாயில் அந்த மரம் கிடந்தது. கம்பிகளையும் இழுத்துக்கொண்டு, குறுக்கே. 'அந்த மரம்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன். சந்தில் ஏழு வீடுகள். வெளியே போக ஒரே வழி அது. கம்பியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. என் கணவர் பின்பக்கக் காலிமனைச் சுவரேறிக் குதித்துப் போய், நாலு இடம் அலைந்து, நிரப்பிய இன்னொரு சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். நண்பகல் ஆகிவிட்டது.

அப்போதுதான் என் தம்பி போன் செய்தான். "அக்கா, இங்க கரண்ட் இருக்கு. அம்மாவ கூட்டிட்டு வந்துடு, நானே வண்டி எடுத்துட்டு வர்றேன்." கையில் முழு சிலிண்டர் இருந்தது. தாராளமாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் எழுபத்தாறு வயது மனுஷியைச் சுவர் தாண்டித் தூக்கிப் போக வேண்டும். உங்கள் புகார் எண்ணுக்குப் போட்டுக் கேட்டேன். "இன்னும் ரெண்டு மணி நேரத்துல வந்துடும்மா." இரண்டு மணி நேரம்தானே, எதற்கு அவர்களை அலைக்கழிக்க வேண்டும் என்று தம்பியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த முடிவு என்னுடையது. ஆனால் நீங்கள் கொடுத்த தகவலை நம்பி எடுத்தது. நோட்டில் அன்றைக்கு மட்டும் பதினோரு அழைப்புகள். பதில் கிடைத்தவை ஏழு. ஏழிலும் அதே இரண்டு மணி நேரம். 12.20க்கும் அதே, 3.05க்கும் அதே, இரவு 8.40க்கும் அதே. என் மகள் நான்காவது தடவைக்குப் பிறகு அதை முழுதாக எழுதுவதை விட்டுவிட்டு '2 ம.நே.' என்று சுருக்கிவிட்டாள்.

மாலை 6.10. மாடியில் நின்று பார்த்தால், மரத்துக்கு அந்தப் பக்கம் தெருவிளக்கு எரிகிறது. வீடுகளில் வெளிச்சம். எங்கள் சந்து மட்டும் இருட்டு. சரி, அடுத்து நாம்தான் என்று நினைத்தோம். இருட்டில் மரத்தைத் தாண்டத் துணிவில்லை. அந்தப் பக்கம் மின்சாரம் வந்துவிட்டதென்றால், தரையில் கிடக்கும் கம்பியிலும் வந்திருக்கலாமே.

நோட்டில் அடுத்த பக்கம் என் கையெழுத்து. மகளைத் தூங்கவைத்துவிட்டேன். 11 மணி: 92. 12 மணி: 91. சிலிண்டர் முள் சிவப்பில். மூன்றாவது சிலிண்டருக்குச் சொல்லிவைத்த இடத்தில், நிரப்பும் நிலையத்துக்கே மின்சாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 12.45: 87. 1.10: 84. அதற்குமேல் அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஆம்புலன்சில் வந்த இரண்டு பிள்ளைகளும் என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து அம்மாவை ஸ்ட்ரெச்சரோடு அந்தச் சுவருக்கு மேலாகத் தூக்கிக் கடத்தினார்கள்.

மருத்துவமனை வராந்தாவில் என் செல்போனுக்குச் சிக்னல் வந்தது. எங்கள் பக்கத்து டவர் முந்தின நாள் இரவே பேட்டரி தீர்ந்து செத்துப்போயிருந்ததால், தேங்கிக் கிடந்த குறுஞ்செய்திகள் எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தன. அதில் ஒன்று உங்களுடையது. அது வந்து விழுந்தபோது நேரம் 2.06. 'உங்கள் புகார் தீர்வு செய்யப்பட்டு முடிக்கப்பட்டது. நன்றி.'

அம்மா பிழைத்துக்கொண்டார். அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி படிப்பீர்கள். ஏழாம் நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். முன்பு கழிவறைக்குத் தானாக நடந்து போவார். இப்போது துணை வேண்டியிருக்கிறது.

முடிந்துபோன அந்தப் புகாரைத் திரும்பத் திறக்க என் கணவர் பட்ட பாட்டைக் கேளுங்கள். மூன்றாம் நாள் பிரிவு அலுவலகத்துக்கு நேரில் போனார். மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கணினியைத் திருப்பிக் காட்டி, "சார், உங்க டிரான்ஸ்பார்மர் சார்ஜ்ல இருக்கே. புதுப் புகார் எடுக்க விடமாட்டேங்குது. உள் வயரிங் பிரச்சினையா இருக்கும், எலக்ட்ரீஷியன வச்சுப் பாருங்க" என்றார். நான்காம் நாள் எலக்ட்ரீஷியன் வந்து, மீட்டருக்கு முன்னால் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "பேஸே வரலைங்க. வெளியிலதான் கட்" என்றார். அதற்கு எங்களிடம் கூலி வாங்கிக்கொள்ளவும் மறுத்துவிட்டார். ஏழு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தோம். ஐந்தாம் நாளும் யாரும் வரவில்லை.

ஆறாம் நாள் லைன்மேன் வந்தார். மரத்தை அறுத்தவர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். அவர் கம்பத்தில் ஏறி, அறுந்த கம்பியை இழுத்துக் கட்டி, கீழே இறங்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஐந்து நாளாக வீட்டுக்குப் போகவில்லையாம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் சொன்னது: "கோவிச்சுக்காதீங்கம்மா. இந்தச் சந்து என் லிஸ்ட்லயே இல்ல."

ஐயா, அம்மா, என் புகார் மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

காற்றைப் பற்றி நான் உங்களிடம் சண்டைக்கு வரவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பது எனக்கும் தெரியும். கம்பங்கள் சாய்ந்தன, ஒப்புக்கொள்கிறேன். துணைமின் நிலையம், அப்புறம் அங்கிருந்து கிளம்பும் பீடர் என்கிற உயரழுத்தக் கம்பி, அப்புறம் டிரான்ஸ்பார்மர், கடைசியில்தான் எங்கள் சந்துக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பி என்று வரிசைப்படி செய்கிறீர்கள். அதுவும் நியாயம். ஒரு பீடரைச் சரிசெய்தால் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வெளிச்சம், எங்கள் கம்பியைச் சரிசெய்தால் ஏழு வீடுகளுக்கு மட்டும். கடைசியில் வாருங்கள் என்று சொன்னால் நான் ஏற்றுக்கொள்வேன். ஆனால் டிரான்ஸ்பார்மர் உயிர்பெற்றதுமே அதன் கீழே இருக்கும் எல்லா வீட்டுக்கும் மின்சாரம் வந்துவிட்டதாக எழுதிக்கொள்கிறீர்கள். அந்த நிமிடமே புகார்கள் மூடப்படுகின்றன. லைன்மேனின் பட்டியலிலிருந்து சந்து மறைந்துவிடுகிறது. இரண்டாம் நாள் மாலை 6.10 முதல் ஆறாம் நாள் 3.15 வரை, 93 மணி 5 நிமிடம், நாங்கள் உங்கள் கணக்கில் வெளிச்சத்தில் இருந்தோம்.

தவறாக எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தீவே சாட்சி. 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. இறந்தவர்கள் 64 பேர் என்றுதான் அரசாங்கம் பல மாதங்கள் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அரசே கேட்டுக்கொண்டதன்பேரில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆய்வு செய்து, 2018 ஆகஸ்டில் வெளியிட்ட மதிப்பீடு 2,975. அன்றைய காற்றில் போனவர்கள் மட்டும் அல்ல அதில் இருப்பவர்கள். பின்னால் வந்த மாதங்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக நேர்ந்த சாவுகள். முதியவர்கள் அதில் அதிகம். அந்தத் தீவில் கடைசி வீடு வரை மின்சாரம் திரும்ப ஏறத்தாழ ஒரு வருடம் ஆயிற்று. அந்த இரவு 1.10க்கு எங்கள் வீட்டில் ஏதாவது நடந்திருந்தால், உங்கள் புயல் கணக்கில் அது வந்திருக்குமா? நுரையீரல் நோயால் இயற்கை மரணம் என்று எழுதி முடித்திருப்பார்கள். மின்சாரம்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே.

'பேரிடர், ஆகவே பொறுப்பில்லை' என்கிற பதிலையும் நான் ஏற்பதாக இல்லை. 2005 ஜனவரியில் குட்ருன் புயல் தென் சுவீடனின் காடுகளைச் சாய்த்து லட்சக்கணக்கான வீடுகளை இருட்டாக்கியது. சில வீடுகளுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாடு அதற்கு எழுதிய பதில் ஒரு சட்டம்: 2006 முதல், 12 மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாவிட்டால் இழப்பீடு, 2011 முதல், பொதுவாக எந்தத் தடையும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதற்குப் பிறகு அங்கே காட்டுவழிக் கம்பிகள் பெருமளவு நிலத்தடிக் கேபிளாக மாறின. அங்கேயும் வீசியது காற்றுதான். பிரிட்டனில் 2021 நவம்பரில் ஆர்வென் புயலுக்குப் பிறகு ஏறத்தாழ நாலாயிரம் வீடுகள் ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரமில்லாமல் கிடந்தன. அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் விசாரித்தபோது, மின்சாரம் எப்போது வரும் என்று வாடிக்கையாளருக்குச் சரியாகச் சொல்லாததும் குறையாக எழுதப்பட்டது. அந்தப் புயலுக்கு மட்டும் இழப்பீட்டுக்கு இருந்த உச்சவரம்பையும் நீக்கினார்கள்.

இப்போது அந்த மரம். அதன் கிளை எங்கள் கம்பியில் உரசுகிறது என்று புயலுக்கு எட்டு மாதம் முன்பே புகார் கொடுத்தோம். காற்றடித்தால் பொறி பறந்ததை வீடியோ எடுத்தும் கொடுத்தோம். மூன்று புகார்கள். மூன்றுக்கும் எண் இருக்கிறது. முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு 'மரம் எங்கள் பொறுப்பு அல்ல' என்று வந்தது. நீங்கள் கைகாட்டிய அலுவலகத்துக்குப் போனால், 'கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் கிளையை நாங்கள் தொட முடியாது, அவர்கள் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்' என்றார்கள். மூன்றாவது புகாரை இந்தப் பதிலையும் இணைத்து அனுப்பினேன். அது என்ன ஆயிற்று தெரியுமா? 'தீர்வு செய்யப்பட்டு முடிக்கப்பட்டது.'

கிளை வெட்டாததெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று யாராவது கேட்டால் 2003 ஆகஸ்ட் 14ஐச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ஒஹாயோவில், வெட்டாமல் விட்ட மரங்களில் உயரழுத்தக் கம்பிகள் பட்டதில் தொடங்கி, அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி பேருக்கு மின்சாரம் போனது. அன்றைக்குப் புயல் இல்லை. வெயில் நாள்.

நான் கேட்பவை இவை.

வீட்டுக்காரர் 'வந்துவிட்டது' என்று சொல்லாமல் எந்தப் புகாரையும் மூடாதீர்கள். டிரான்ஸ்பார்மர் சார்ஜ் ஆனதும் கீழே இருக்கும் வீடுகளுக்கு 'வந்ததா?' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். 'இல்லை' என்று பதில் போட்டவர்களின் சந்து லைன்மேனின் பட்டியலில் இருக்கட்டும். பதிலே வராத வீட்டை 'வந்துவிட்டது' என்று எழுதாதீர்கள், அங்கே டவரும் செத்துக்கிடக்கலாம். அறிக்கை விடும்போதும் பீடரையும் டிரான்ஸ்பார்மரையும் விட்டுவிட்டு வீடுகளை எண்ணிச் சொல்லுங்கள்.

புகார் எண்ணில் பேசுகிறவர்களுக்கு 'தெரியாது' என்று சொல்லும் உரிமையைக் கொடுங்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார்கள். 'ஐந்து நாள் ஆகலாம்' என்று அன்று நண்பகலில் ஒருவர் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், ஆனால் அம்மாவைத் தம்பி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

மின்சாரத்தில் உயிர் ஓடும் வீடுகளுக்கு ஒரு பதிவேடு வையுங்கள். ஆக்சிஜன் மெஷின், வென்டிலேட்டர், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள். பிரிட்டனில் இப்படி ஒரு முன்னுரிமைப் பதிவேடு இருக்கிறது. எங்களுக்கு முதலில் மின்சாரம் கொடுங்கள் என்று கேட்கவில்லை, அது எப்போதும் முடியாது. காற்று வருவதற்கு முந்தின நாள் ஒரு போன். வந்த பிறகு தினம் ஒரு போன். அவ்வளவுதான்.

கம்பியைத் தொடும் கிளைக்கு யார் பொறுப்பு என்பதை நீங்களும் அந்த இன்னோர் அலுவலகமும் உட்கார்ந்து பேசி, ஒரே பெயராக எழுத்தில் கொடுங்கள். அடுத்த காற்றுக் காலத்துக்கு முன்பு. எங்கள் சந்தில் இன்னும் இரண்டு மரங்கள் நிற்கின்றன.

லைன்மேன்களுக்கு முறைவைத்து ஓய்வு கொடுங்கள். ஐந்து நாள் வீட்டுக்குப் போகாத மனிதன் கம்பத்தில் ஏறுவதைக் கீழே நின்று பார்த்தவள் என்ற முறையில் கேட்கிறேன்.

இழப்பீட்டு மனுவைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். மகளின் நோட்டின் நகல், ஏழு வீட்டுக்காரர்களின் கையெழுத்து, மருத்துவமனைச் சீட்டு, மரத்தைப் பற்றிய மூன்று புகார் எண்கள் எல்லாம் அதில் முன்பே இணைத்திருக்கிறேன். யாரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. முப்பது நாளுக்குள், கையெழுத்தோடு கூடிய பதில் வேண்டும்.

கடைசியாக, என் புகார் இன்றும் உங்கள் கணினியில் இரண்டாம் நாளோடு முடிந்ததாகவே இருக்கிறது. இன்று காலையும் பார்த்தேன். அதைத் திறந்து, முடிந்த நேரம் ஆறாம் நாள் பிற்பகல் 3.15 என்று திருத்துங்கள்.

இப்படிக்கு,
டிரான்ஸ்பார்மருக்குக் கீழே, சந்தின் கடைசி வீட்டில் இருப்பவள்